சும்மா இருந்த பத்தொன்பது வருடங்கள்

2024 பெப்ரவரி மாதத்தில் ஒரு நாள் உம்மா நேர்முகப் பரீட்சை ஒன்றுக்குப் போய்விட்டு வந்தார். கண்டியிலுள்ள ஒரு நிறுவனம் கணக்குப் பகுதிக்கு ஆள் தேவை என்று விளம்பரம் செய்திருந்தது. உம்மா உயர்தரத்தில் வணிகம் படித்தவர். 1999 முதல் 2005 வரை ஆறு வருடங்கள் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்கு எழுதுவினைஞராக இருந்தவர். திருமணத்தோடு வேலையை விட்டார். அதன் பின்னர் அவர் கலந்துகொண்ட முதல் நேர்முகப் பரீட்சை இதுதான்.

பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டதாம். "2005க்குப் பிறகு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். "வீட்டுல சும்மா தான் இருந்தேன்" என்று உம்மா பதில் சொல்லியிருக்கிறார். தொலைபேசியில் அறிவிப்பதாகச் சொன்னார்கள். அழைப்பு எதுவும் வரவில்லை.

"ஏன் உம்மா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"வேற என்ன மகள் சொல்ற? உள்ளதைத் தானே சொல்லணும்" என்றார், அபாயாவை மடித்து வைத்தபடி.

அன்றிரவு எனக்குப் பாடம் ஏறவில்லை. நான் வணிகப் பிரிவு மாணவி. பொருளியல், கணக்கீடு, வணிகக் கல்வி என்று மூன்று பாடங்களும் தொழிலைப் பற்றியும் உழைப்பைப் பற்றியுமே பேசுகின்றன. ஆனால் எங்கள் வீட்டில் நடந்த உழைப்பு அந்தப் புத்தகங்களில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அந்தத் தேடலின் விளைவே இக்கட்டுரை.

முதலில் அந்த "சும்மா"வுக்குள் என்னவெல்லாம் அடங்கியிருந்தன என்று சொல்லிவிடுகிறேன். நானும் தம்பியும் பிறந்தோம், வளர்ந்தோம். அதை எல்லாத் தாய்மாரும் செய்வதுதானே என்று விட்டுவிடலாம். 2017இல் வாப்பும்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் இயங்கவில்லை, பேச்சும் குழறியது. 2023இல் அவர் வபாத்தாகும் வரை ஆறு வருடங்கள் உம்மாதான் பார்த்தார். படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரவிலும் அப்படித்தான். உம்மா அலாரம் வைத்து எழும்புவார். பழைய கணக்குக் கொப்பி ஒன்றில் கோடு போட்டு, திகதி, மருந்து, நேரம், இரத்த அழுத்தம், சீனி என்று நிரல் நிரலாக எழுதி வைத்திருந்தார். கிளினிக்கில் வைத்தியர் அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, "யார் இதை எழுதுவது?" என்று கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

போதாததற்கு உம்மா சீட்டும் பிடித்தார். எங்கள் ஒழுங்கையில் உள்ள பன்னிரண்டு பேர், மாதம் ஐயாயிரம் ரூபாய். இத்தனை வருடத்தில் யாரும் வந்து ஒரு ரூபாய் குறைகிறது என்று சொன்னதில்லை. இதெல்லாம் முகாமைத்துவம் இல்லையென்றால் எது முகாமைத்துவம்?

இனிப் பாடப்புத்தகத்துக்கு வருவோம். இலங்கையில் குடிசன மதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் தொழிற்படை அளவீடு ஒன்றை நடத்துகிறது. அதன்படி 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் தொழில் செய்வோரும், தொழில் தேடுவோரும் சேர்ந்ததே தொழிற்படை. மற்றவர்கள் எல்லாரும் "பொருளாதார ரீதியாகச் செயற்படாதோர்". அண்மைய வருடங்களில் ஆண்களில் நூறு பேருக்குச் சுமார் எழுபது பேர் தொழிற்படையில் இருக்கிறார்கள். பெண்களில் மூவரில் ஒருவர் என்ற அளவுதான். மற்ற இருவரும் ஏன் இல்லை என்று கேட்டால், முதலிடம் பெறும் காரணம் வீட்டு வேலை. அதாவது வாப்பும்மாவை இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைத்த என் உம்மா, புள்ளிவிபரத்தின் மொழியில் செயற்படாதவர். வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிய அன்று அவர் "தொழிலற்றவர்" ஆனார். அதுவே ஒரு பதவி உயர்வு போலத்தான்!

மொத்த உள்நாட்டு உற்பத்தியும் இப்படித்தான் கணக்கிடப்படுகிறது. பணம் கைமாறாத வீட்டுச் சேவை அதில் சேராது. பிகூ என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் இதைப் பற்றி ஓர் உதாரணம் சொன்னார்: ஒருவர் தன் வீட்டு வேலைக்காரப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டால், அவள் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தாலும் தேசிய வருமானம் குறைந்துவிடும், ஏனெனில் இனிச் சம்பளம் இல்லை. வாப்பும்மாவுக்கு ஒரு பராமரிப்பாளரை வைப்பது பற்றி நாங்களும் விசாரித்துப் பார்த்தோம். கேட்ட தொகை வாப்பாவின் கடை வருமானத்தில் பாதிக்கு மேல். அந்தப் பணத்தை நாங்கள் கொடுத்திருந்தால் அது நாட்டின் உற்பத்தியில் சேர்ந்திருக்கும். உம்மா செய்ததால் சேரவில்லை. சர்வதேசத் தொழில் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையொன்றின்படி, உலகில் ஊதியமில்லாமல் செய்யப்படும் பராமரிப்பு வேலை நேரத்தில் நான்கில் மூன்று பங்கைப் பெண்களே செய்கிறார்கள்.

சரி, இது கணக்கில் வராததால் என்ன நட்டம் என்று கேட்கலாம். அந்த நட்டம் வெளியில் தெரிவது, அந்தப் பெண் வேலைக்குத் திரும்ப நினைக்கும் நாளில்தான். சுயவிபரக் கோவையில் ஆறு வருடத்துக்குப் பிறகு ஒரு பெரிய வெற்றிடம். வேலை கொடுப்பவர் அந்த வெற்றிடத்தைத் திறமையின்மை என்று வாசிக்கிறார். அதைவிடக் கவலையான விடயம், அந்தப் பெண்ணும் அப்படியே வாசிக்கத் தொடங்குகிறாள். என் உம்மாவின் வாயில் "சும்மா" வந்தது அப்படித்தான்.

இனி, எங்கள் வீட்டு அலுமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உம்மாவின் அறையில் இருக்கும் அந்தத் தேக்கு அலுமாரி அவரது ஊழியர் சேமலாப நிதியில் வாங்கியது. எமது நாட்டில் தனியார் துறையில் வேலை செய்பவரின் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்பட, வேலை கொடுப்பவர் 12 வீதம் சேர்த்து இந்த நிதிக்குச் செலுத்த வேண்டும் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் வேறு). சாதாரணமாக இப்பணத்தை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பெறலாம். ஆனால் பெண்களுக்கு ஒரு விசேட சலுகை உண்டு. திருமணத்தின் காரணமாக வேலையை விட்டால் அப்போதே முழுப் பணத்தையும் எடுத்துக்கொள்ளலாம். சட்டம் 1958இல் வந்தது. திருமணமான பெண் இனி வேலைக்குத் திரும்ப மாட்டாள் என்று அந்தக் காலத்தில் எண்ணியிருப்பார்கள் போலும். கலியாண நேரத்தில் கையில் காசு கிடைப்பது எந்தக் குடும்பத்துக்கும் உதவிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. கணக்கீட்டு மாணவி என்ற முறையில் அதைக் கணக்குப் பார்த்தேன்.

உம்மாவின் சராசரிச் சம்பளம் மாதம் 7,500 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். 20 வீதம் 1,500 ரூபாய். ஆறு வருடத்துக்கு, அதாவது 72 மாதங்களுக்கு, வட்டியைச் சேர்க்காமலே 108,000 ரூபாய். அதை எடுக்காமல் விட்டிருந்தால்? வருடத்துக்கு 9 வீதம் கூட்டு வட்டி என்று வைத்தால் எட்டு வருடத்தில் ஒரு தொகை இரட்டிப்பாகும். பதினாறு வருடத்தில் நான்கு மடங்கு. 2021இல் அது 432,000 ரூபாய்க்கு அண்மித்திருக்கும். அதற்குப் பின்னரான வருடங்களின் வட்டி தனி. உம்மாவிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அலுமாரி நல்ல அலுமாரி" என்றார். பிறகு, "அப்ப யாரும் எனக்கு இதைச் சொல்லல்ல" என்றார்.

வேலைக்குத் திரும்பும் பெண் ஓய்வூதியச் சேமிப்பைப் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறாள். சம்பளமும் பெரும்பாலும் புதிதாக வரும் இருபது வயதுப் பிள்ளையின் சம்பளம்தான். நாற்பத்து நான்கு வயதில் பழைய இடத்திலேயே போய் நிற்க வேண்டியிருக்கிறது.

தேர்ச்சி பழையதாகிப் போவது இன்னொரு பிரச்சினை. இதில் உண்மையும் உண்டு, மிகைப்படுத்தலும் உண்டு. உம்மா வேலை செய்த இடத்தில் பேரேடுகள் கையால் எழுதப்பட்டன. இன்று எல்லாம் கணினி மென்பொருளில். உம்மா "ஐந்தொகை" என்பார், நான் "நிதிநிலைமைக் கூற்று உம்மா" என்பேன். 2012 முதல் இலங்கையின் கணக்கீட்டு நியமங்கள் சர்வதேச நியமங்களோடு இணைக்கப்பட்டதால் இப்படிப் பல பெயர்கள் மாறிவிட்டன. பெறுமதி சேர் வரியும் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். ஆனால் வரவுக்குச் செலவு சமன் என்ற இரட்டைப் பதிவு முறை மாறவில்லை. லூக்கா பசியோலி என்ற இத்தாலியர் 1494இல் அதைப் புத்தகமாக எழுதினார். ஐந்நூறு வருடத்தில் மாறாதது பத்தொன்பது வருடத்தில் உம்மாவுக்கு மறந்துபோகுமா? நான் பரீட்சை சமன்படாமல் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த ஓர் இரவில், குசினியிலிருந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டே பிழையைக் காட்டியவர் அவர்தான். உம்மா வேலையிலிருந்த காலத்திலேயே, 2002இல், பொருட்கள் சேவைகள் வரி நீக்கப்பட்டுப் பெறுமதி சேர் வரி வந்தது. அப்போது அதைப் படித்துக்கொண்டவர் இப்போது ஒரு மென்பொருளைப் படிக்க மாட்டாரா? மென்பொருளை ஒரு மாதத்தில் சொல்லிக்கொடுக்கலாம். பணத்தில் நேர்மையையும் பொறுமையையும் யாரும் ஒரு மாதத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது.

நேரம்தான் எல்லாவற்றிலும் கடினமான விடயம். காரியாலயம் காலை 8.30 முதல் மாலை 5 வரை. பாடசாலை 1.30க்கு விடுகிறது. பாலர் பாடசாலைகள் பெரும்பாலும் அதற்கும் முன்னரே முடிந்துவிடும். இடையிலுள்ள மூன்றரை மணித்தியாலத்துக்குப் பிள்ளை எங்கே? வசதியுள்ளவர் பகல் பராமரிப்பு நிலையத்தில் விடலாம், அதுவும் பெரிய நகரங்களில் இருந்தால். எமது கம்பளையிலிருந்து கண்டிக்குப் போய்வரப் பஸ்ஸில் நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம். குளிர்காலத்தில் மஃரிபுக்கு முன் வீடு சேர முடியாது. தம்பி தரம் ஆறில் படிக்கிறான், தானே சோறு போட்டுச் சாப்பிடுவான் என்று நான் சொன்னேன். உம்மா நம்பவில்லை.

2023இல் பொருளியலுக்கான நோபல் பரிசை வென்ற அமெரிக்கப் பேராசிரியை குளோடியா கோல்டின் இதைத்தான் ஆராய்ந்தார். இருநூறு வருட அமெரிக்கத் தரவுகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தவர் அவர். ஒரே கல்வித் தகைமையோடு வேலையில் சேரும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் ஆரம்பத்தில் சம்பள வித்தியாசம் குறைவு, முதல் பிள்ளை பிறந்த பின்னரே அது விரிகிறது என்று அவர் காட்டினார். நீண்ட நேரமும் நினைத்த நேரமும் வேலைக்கு வரக்கூடியவருக்கே பல தொழில்கள் அதிகமாகக் கொடுக்கின்றன. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஓட வேண்டியவர் பின்தங்குகிறார். அந்த ஓட வேண்டியவர் யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் பாடசாலையிலிருந்து சுகயீனம் என்று அழைப்பு போவதும் உம்மாக்களின் இலக்கத்துக்குத்தான்.

சட்டம் ஓரளவு கைகொடுத்திருக்கிறது. 2018இல் செய்யப்பட்ட திருத்தங்களின் பின்னர் தனியார் துறையிலும் எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு. அதற்கு முன் மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள்தான். ஒரு வயது வரை பாலூட்டுவதற்கான இடைவேளையும் உண்டு. அரச ஊழியருக்கு 84 நாள் முழுச் சம்பளத்தோடும், அடுத்த 84 நாள் அரைச் சம்பளத்தோடும், இன்னும் 84 நாள் சம்பளமின்றியும் கிடைக்கும். எமது பெற்றோர் அரச உத்தியோகம், அரச உத்தியோகம் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது இதை வாசித்த பிறகுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. தனியார் துறையில் பிரசவ விடுமுறைச் சம்பளம் முழுவதையும் அந்த வேலை கொடுப்பவரே ஏற்க வேண்டும். பல நாடுகளில் இது சமூகக் காப்புறுதி நிதியிலிருந்து போகிறது. செலவு முழுவதும் தன் தலையில் என்றால், சிறிய முதலாளி இளம் பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார். பெண்ணைப் பாதுகாக்க வந்த சட்டமே அவளுக்குக் கதவை அடைக்கக் காரணமாகிவிடுகிறது. தந்தைக்கோ, அரச துறையில் மூன்று நாள் விடுமுறை!

முதியோரைப் பார்ப்பதற்கு அப்படியான விடுமுறையே இல்லை. 2012 குடிசன மதிப்பின்படி எமது சனத்தொகையில் 12.4 வீதமானோர் 60 வயதைக் கடந்தவர்கள். அந்த வீதம் ஏறிக்கொண்டே போகிறது. பிள்ளை வளர்ந்ததும் வேலைக்குப் போகலாம் என்று இருக்கும் பெண்ணுக்கு, சரியாக அந்த நேரத்தில் மாமியோ உம்மாவோ படுக்கையில் விழுகிறார். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். நான் நான்காம் தரத்திலிருந்தபோதே உம்மா திரும்ப வேலை தேடத் தொடங்கியிருந்தாராம். எனக்கு இப்போதுதான் தெரியும்.

ஊர்ப் பேச்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2022இல் பொருட்களின் விலை தலைக்கு மேல் ஏறியபோது கடையை நடத்த வாப்பா பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அப்படியிருந்தும் உம்மா வேலை தேடுகிறார் என்றதும், "அவருக்கு உழைக்க ஏலாதா?" என்று ஒரு மாமி கேட்டார். கேள்வி உம்மாவைப் பற்றியது போலத் தெரிந்தாலும், குத்தியது வாப்பாவைத்தான். வாப்பா அன்று ஒன்றும் பேசவில்லை. அடுத்த நேர்முகப் பரீட்சைக்கு உம்மாவைத் தானே மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போனார்.

இதற்கு வழி கண்ட இடங்களும் உலகில் உண்டு. 2008இல் அமெரிக்காவில் கோல்ட்மன் சக்ஸ் வங்கியும் இந்தியாவில் டாட்டா குழுமமும், இடையில் தொழிலை விட்டவர்களுக்கென்றே சம்பளத்தோடு கூடிய குறுகிய காலப் பயிற்சி வேலைகளை ஆரம்பித்தன. வெற்றிடம் உள்ளவர்களே வாருங்கள் என்று அழைக்கும் திட்டங்கள். அவை பெரிய நிறுவனங்களின் விடயம். சிறிய ஊர்களில் ஐந்து மணித்தியால வேலை என்ற ஒன்று சாதாரணமாகிவிட்டாலே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாங்கள் வீட்டில் செய்தது சிறிய காரியம். உம்மாவின் சுயவிபரக் கோவையை நான் திரும்பத் தட்டச்சு செய்தேன். வெற்றிடம் இருந்த இடத்தில், "2017–2023: பாரிசவாதத்தால் பாதிக்கப்பட்ட மாமியாரின் முழுநேரப் பராமரிப்பு, மருந்து மற்றும் செலவுப் பதிவேடுகள்" என்று எழுதினேன். கீழே, "பன்னிரண்டு அங்கத்தவர் கொண்ட சீட்டுக் கணக்கின் பொறுப்பாளர்" என்று சேர்த்தேன். உம்மா வெட்கப்பட்டார். "இதையெல்லாம் எழுதுவாங்களா?" என்றார். எழுதினால் என்ன என்றேன். பிறகு இரண்டு மாதம், இஷாவுக்குப் பின்னர் என்னுடைய பழைய மடிக்கணினியில் கணக்கு மென்பொருளைப் பழகினோம். முதல் கிழமை சுட்டியைப் பிடிக்கவே கை நடுங்கியது. மூன்றாம் கிழமை, நான் செய்த பதிவில் பிழை பிடித்தார்.

நான்கு இடங்களில் "இல்லை" என்றார்கள். ஓரிடத்தில் வயதைக் கேட்டதோடு முடிந்தது. ஆகஸ்டில் கம்பளை நகரத்திலேயே ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையில் வேலை கிடைத்தது. முதலாளி சுயவிபரக் கோவையில் வாசித்தது அந்தச் சீட்டு வரியைத்தானாம். காலை 8.30 முதல் 1.30 வரை. சம்பளம் அதிகமில்லை. தம்பி வரும்போது உம்மாவும் வந்துவிடுகிறார். தற்காலிகமாகவோ நாட்கூலிக்கோ வேலை செய்தாலும் சேமலாப நிதிக்கு உரிமையுண்டு என்று நான் வணிகக் கல்வியில் படித்ததை உம்மா முதல் நாளே முதலாளியிடம் கேட்டுவிட்டார். முதல் சம்பளத் துண்டில் 8 வீதம் கழிக்கப்பட்டிருந்தது. சம்பளத்தில் காசு குறைந்ததைப் பார்த்துச் சந்தோசப்பட்ட ஒருவரை நான் அன்றுதான் கண்டேன்.

இப்போது கடையில் வருட இறுதிக் கணக்கு நெருங்குகிறது. மேசையின் ஒரு பக்கம் நான் பரீட்சைக்கும், மறுபக்கம் உம்மா கடைக்கும் கணக்குப் பார்க்கிறோம். என் புத்தகத்தை வாங்கிப் புதிய மாதிரியைப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் அதை ஐந்தொகை என்றுதான் சொல்வார். கடை முதலாளியும் அப்படித்தான் சொல்கிறாராம்.